அரை மில்லிமீட்டர்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு வடக்கே உள்ள டூ ராக்ஸ் துறையிலிருந்து ஏழு கிலோமீட்டர் வெளியே, என்னுடைய ஐந்து மீட்டர் அலுமினியப் படகில் உட்கார்ந்துகொண்டு என் மச்சான் ஒரு கேள்வி கேட்டார். நான் உடனே பதில் சொன்னேன். ஒரே சொல்தான். அந்தப் பதில் செல்லாது என்பது வாயை மூடும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது என்பதை, அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதிலிருந்து புரிந்துகொண்டேன். அன்று முதல் அந்தச் சொல் முள்ளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. சிங்கி இறால் பிடிக்கப் போகும் ஒவ்வொரு விடியலிலும், கூட்டில் இரைக்குச் சாளை மீனைத் திணிக்கும்போது, அது நினைவுக்கு வந்துவிடுகிறது.

நான் கடல்காரன் இல்லை. நாகர்கோவிலில் பிறந்து, கணக்கியல் படித்து, பெர்த்துக்கு வந்து பதினாறு ஆண்டாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். என் மனைவிதான் முட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய அண்ணன் முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் கரையில் சிங்கி வலை விட்டவர். எங்கள் திருமணத்துக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் என்னோடு பேசாதவரும் அவர்தான். பிறகு எல்லாம் சரியாயிற்று. இப்போது அவர் மகள் பெர்த்தில் செவிலியராக இருக்கிறாள். அவளைப் பார்க்க வந்தவரை என் படகில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஆசை என்று கௌரவமாகச் சொல்கிறேன்; பெருமையடித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உண்மையான பெயர்.

இங்கே எங்கள் தமிழ் நண்பர்கள் கூடும் வீடுகளில் நான் பல ஆண்டுகளாக ஒரே பிரசங்கத்தை நிகழ்த்தி வந்திருக்கிறேன். சிங்கியை அளக்கும் கைக்கடக்கமான அளவுகோலைக் குளிர்பெட்டியின் பக்கவாட்டிலிருந்து எடுத்துக் காட்டுவேன். முதுகு ஓடு 76 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், ஒரு மயிரிழை குறைந்தாலும், திருப்பிக் கடலில் விட வேண்டும் என்பேன். முட்டை சுமந்த பெண் சிங்கியை எவரும் தொட மாட்டார்கள் என்பேன். "நம்ம ஊர்ல இந்த ஒழுங்கு இருந்தா..." என்று ஒரு பெருமூச்சோடு முடிப்பேன். கேட்பவர்கள் எல்லாரும், வாயில் சிங்கிக் குழம்போடு, தலையாட்டுவார்கள். அந்தக் கருத்து எனக்குள் எவ்வளவு வசதியாகக் குடியிருந்தது என்பது, அதைக் காலி செய்ய வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது.

சிங்கி என்று நான் சொல்வதைப் பெர்த்தில் "கிரே" என்பார்கள்; அது கிரேஃபிஷ் என்பதன் சுருக்கம். சட்டப் புத்தகத்தில் ராக் லாப்ஸ்டர். பெரிய கொடுக்குக் கிடையாது. முள் மண்டிய ஓடும், உடம்பைவிட நீண்ட இரண்டு மீசைகளும்தான் அதன் ஆயுதம். மேற்கு ஆஸ்திரேலியக் கரையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்த இனத்துக்குப் பானுலிரஸ் சிக்னஸ் என்று பெயர். முட்டம், கடியபட்டணம், குளச்சல் பக்கம் அதிகம் கிடைப்பது பானுலிரஸ் ஹோமாரஸ். ஆக, பங்காளிகள்தான். பிடித்துத் தூக்கினால் இரண்டும் மீசையின் அடிமூட்டை உரசி ஒரே மாதிரிதான் கரகரவென்று கத்தும்.

கூடும் கணக்கும்

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு உரிமம் ஒன்று வாங்கினால், ஓர் ஆள் இரண்டு கூடுகள் வைக்கலாம். மரச்சட்டம் அடித்த பெட்டி வடிவத்திலோ, பிரம்பில் பின்னிய தேன்கூட்டு வடிவத்திலோ கூடு இருக்கும். மேலே கழுத்துப் போல ஒரு வழி, அடியில் அது புரளாமல் இருக்க இரும்புப் பாரம், பக்கத்தில் சிறிய சிங்கிகள் தாமே வெளியேறிப் போக ஓர் இடைவெளி. கயிற்றின் மேல்முனையில் மிதவை. அதில் நமக்கென்று ஒதுக்கப்பட்ட அடையாள எண். பகலில் பாறை இடுக்கில் பதுங்கியிருக்கும் சிங்கி இரவில்தான் இரை தேடி நடக்கும் என்பதால், மாலையில் கூட்டைப் போட்டுவிட்டு மறுநாள் விடிந்ததும் தூக்க வேண்டும். இருட்டில் தூக்குவது குற்றம். இரைக்கு இங்கே "மியூலி" என்னும் மீன். கையில் எடுத்துப் பார்த்த மச்சான் "சாளையாக்கும் இது" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அளப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. கண்களுக்கு மேலே முன்னோக்கி நீட்டியிருக்கும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே அளவுகோலின் ஒரு முனையை ஊன்ற வேண்டும். மறுமுனையை முதுகு ஓட்டின் பின்விளிம்புவரை கொண்டுபோக வேண்டும். அளவுகோல் அந்த விளிம்பைத் தாண்டி அப்பால் விழுந்துவிட்டால், அளவு போதாது. ஓட்டின் மீதே முட்டி நின்றால், வாளிக்குப் போகலாம். ஐந்து நிமிடத்துக்குள், அடுத்த கூட்டைத் தூக்கும் முன், விட வேண்டியவற்றை விட்டுவிட வேண்டும். அடிவயிற்றில் முட்டைக் குலை தொங்கும் பெண்ணையும், இணைசேர்ந்ததன் அடையாளமாக நெஞ்சில் தார் அப்பியது போன்ற கறுப்புத் திட்டு ஒட்டியிருக்கும் பெண்ணையும் அளவே பார்க்காமல் விட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுத்தான். எடுத்துக்கொண்ட ஒவ்வொன்றின் வால்விசிறியிலும் நடு மடலைக் கத்தரிக்க வேண்டும். இது விற்பனைக்கு வந்த சரக்கல்ல என்பதற்கு அந்த வெட்டுத்தான் முத்திரை. விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது.

கணக்கன் என்பதால் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். படகு, இழுவண்டி, காப்பீடு, உரிமம், இரை, கயிறு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பெட்ரோலை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஒரு சிங்கிக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் ஆகிறது. மற்றவற்றையும் சேர்த்தால், மீன்கடையில் போய் வாங்குவதே மலிவு. இந்தத் தாளை மனைவி கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் மட்டும் இந்த வரவு செலவு கொஞ்சம் நேராகும். நவம்பர் கடைசியில் இளஞ்சிங்கிகள் கூட்டங்கூட்டமாக ஓடு உரிக்கும். புதிய ஓடு அடர்சிவப்பாக இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். இவற்றை "வெள்ளைகள்" என்பார்கள். கரையோரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் மூன்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்த இவை, ஓடு உரித்ததும் திடீரென்று வீட்டைக் காலி செய்துகொண்டு மேற்கே ஆழத்தை நோக்கி மணல்வெளியில் நடக்கத் தொடங்கும். அந்த நடைபாதையில் கூடு வைக்கத் தெரிந்தவனுக்கு அது கொண்டாட்டக் காலம். எனக்குத் தெரியாது, என் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். ஓய்வுபெற்ற மின்பணியாளரான அவர் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். எனக்குக் கூடு கட்டவும் போடவும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கைகட்டி உட்கார்ந்தவர்

அன்றைக்குப் படகில் நாங்கள் மூன்று பேர். உரிமம் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான் இருந்தது. மச்சானுக்கும் ஒன்று எடுத்திருக்கலாம். காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கும். எனக்குத் தோன்றவில்லை. துறையில் படகை இறக்கும்போதுதான் அது உறைத்தது. உரிமம் இல்லாதவர் கூட்டில் கைவைத்து, அதை அதிகாரி யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில், "மச்சான், நீங்க சும்மா உக்காந்து பாருங்க, கயிற்றைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் "சரி மாப்ள" என்றார். படகில் சிங்கியைப் பற்றி முழுமையாக அறிந்த ஒரே மனிதர், உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்கு எழுதுகிறவன் கயிறு இழுத்தான்.

இழுத்தான் என்பதும் மிகைதான். ஒரு மின்சக்கரம் கயிற்றைச் சுருட்டியது. நான் பக்கத்தில் நின்றேன். "வெயிட்டெல்லாம் அதே தூக்கிருமோ?" என்று மச்சான் கேட்டார். அவருடைய வலது முழங்கால் போனதற்கும் தோள்பட்டை இறங்கியதற்கும் காரணம், அடித்தளத்தில் கிடக்கும் வலையைக் கையாலேயே இழுத்த முப்பத்தைந்து ஆண்டுகள். காலைக் காற்று கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது, குளிர்கிறது என்றார், படகு தகரம் மாதிரி இருக்கிறது, அலை அடித்தால் தாங்குமா என்றார். அவர் குறை சொன்னது படகைத்தான்; எனக்கு அது என்னையே சொல்வது போல் இருந்தது.

முதல் கூட்டில் இரண்டு சிங்கிகள், இரண்டும் சிறியவை. இரண்டாவதில் ஒரு பெரிய சாக்குக்கணவாய், அதாவது ஆக்டோபஸ், சுருண்டு கிடந்தது. அதைச் சுற்றி நான்கு சிங்கிகளின் வெறும் ஓடுகள், உள்ளே துடைத்து எடுத்தது போல் சுத்தமாக. எட்டுக்காலன் கூட்டுக்குள் புகுந்துவிட்டால் அந்தக் கூடு அதற்கு விருந்துக் கூடம். மச்சான் அந்த நாளில் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான். "எங்க இருந்தாலும் இவன் இப்பிடித்தான்" என்றார்.

மூன்றாவது கூடு மணலில் கிடந்தது, வெள்ளைகளின் நடைபாதையில். அது மேலே வரும்போதே உள்ளே கரகர சத்தம் கேட்டது. பதினொன்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார்: வாளி, கடல், கடல், வாளி, கடல். கைதேர்ந்த பரிமாறுபவர் இலையில் பரிமாறும் வேகம். ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டினார். நல்ல கனம். பார்த்தால் அளவு இருப்பது போலத்தான் இருந்தது. நான் கொம்புகளுக்கு நடுவே ஊன்றிப் பின்னால் இறக்கினேன். அளவுகோல் ஒரு கணம் தயங்கியது. விளிம்பில் நின்றுவிடும் என்று நினைத்தேன். மெல்ல அழுத்தியதும் வழுக்கி அப்பால் விழுந்தது. மறுபடி வைத்தேன், நின்றது. மறுபடி வைத்தேன்; விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி, ஒரே முறை வைத்துப் பார்த்து, "ஷார்ட்" என்று சொல்லி, குனிந்து அதைத் தண்ணீரில் விட்டார். அது வாலை மூன்று முறை அடித்துப் பின்பக்கமாகவே மறைந்து போனது.

"மாப்ள, அது எவ்வளவு கொறவு?" என்றார் மச்சான்.

"அரை மில்லிமீட்டர் இருக்கும் மச்சான்."

அவர் தம் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். "அதுக்காக்கும் விட்டாரு?"

எனக்கு என் பிரசங்கம் தயாராக இருந்தது. "சின்னத விட்டாத்தான மச்சான் நாளைக்கு இருக்கும்" என்றேன். அப்போதுதான் அவர் கேட்டார்: "நாளைக்கு அது ஆருக்குக் கிட்டும்?"

"நமக்குத்தான்" என்றேன்.

நமக்கு. நம் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தப்பிக்க இடமே கிடையாது. எங்களுக்கு என்று சொல்லியிருந்தால் எதிரில் இருப்பவரை வெளியே நிறுத்தியதாக ஆகும். நமக்கு என்றால் அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டதாக ஆகும். இரண்டு வாரத்தில் விமானம் ஏறிப் போகிறவர், கயிற்றைத் தொடக்கூடாது என்று நானே அரை மணி நேரத்துக்கு முன்பு சொல்லி உட்கார வைத்தவர், அந்த "நம்" என்பதற்குள் எங்கே இருக்கிறார்? நாக்கு மரியாதைக்காகத் தேர்ந்தெடுத்த சொல் அது. கருத்துக்காகத் தேர்ந்தெடுத்திருந்தால் எங்களுக்கு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதுகூட உண்மையா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பத்தரை மணிக்கெல்லாம் கிழக்குக் காற்று செத்தது. "கச்சான் எழும்பப் போவுது, திரும்புங்க" என்றார் மச்சான். பெர்த்தில் கோடைப் பிற்பகல்களில் தென்மேற்கிலிருந்து எழும்பும் காற்றுக்கு "ஃப்ரீமேன்டில் டாக்டர்" என்று செல்லப்பெயர். வெயிலில் வெந்த நகரத்துக்கு வைத்தியம் செய்ய வருவதாகப் பொருள். பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசிச் செயலி பன்னிரண்டு மணி என்று காட்டியது. பதினொன்றரைக்கு வந்துவிட்டது. துறைக்குள் நுழையும்போது நாங்கள் மூவரும் தொப்பலாக நனைந்திருந்தோம்; வாளியில் ஒன்பது சிங்கிகள்.

ஒற்றை மீசை

அன்று இரவு தேங்காய் அரைத்து என் மனைவி வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பின்வாசலில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் தானாகவே பேசத் தொடங்கினார். சமாதானம் சொல்லும் குரலில் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலிலும் இல்லை. தொழில்காரர் தொழிலைப் பற்றிப் பேசும் குரல். முட்டைச் சிங்கி வந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து முட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். முட்டையோடு கொடுத்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். என் மனைவி "அண்ணே" என்று ஒரு மாதிரி இழுத்தாள். "நீ படிச்ச ஃபீசு அதுலயும் கொஞ்சம் உண்டும்" என்றார் அவர்.

பிறகு இந்தக் கதையைச் சொன்னார். ஒரு நாள் வலையில் முட்டைச் சிங்கி ஒன்று வந்தது. மீசை ஒன்றுதான் இருந்தது. மற்றொன்று அடியோடு ஒடிந்து போயிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் யாரோ ஊருக்கு வந்து, முட்டைச் சிங்கியை விட்டுவிட வேண்டும், ஒன்று விட்டால் பல ஆயிரம் குஞ்சு என்று படம் போட்டுக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு டீசல் காசு எப்படியோ தேறிவிட்டிருந்தது. மனசு வந்ததால் விட்டுவிட்டார். "நான் விட்டது வியாழக்கெழம. சனிக்கெழம பக்கத்து வள்ளத்துல வந்துது. அதே ஒத்த மீச. தேச்சு எடுத்து வித்துட்டான். நல்ல வெல." கொஞ்ச நேரம் கழித்து, "அவனக் குத்தம் சொல்ல முடியாது, அவன் விட்டா அடுத்தவன்" என்றார்.

அந்த ஒற்றை மீசைக்காரியை நான் மறக்கவே இல்லை. நான் பல ஆண்டுகளாக ஒழுக்கம் என்று பெயர் சூட்டி மெச்சிக்கொண்டிருந்த ஒன்றுக்கு, வியாழனுக்கும் சனிக்கும் இடையில் அவர் ஒரு கணக்கு எழுதிக் காட்டிவிட்டார். விடுகிறவன் இழக்கிறான், அடுத்த வலைக்காரன் பெறுகிறான், கடலில் ஒரு சிங்கிகூடக் கூடவில்லை.

நம் நாட்டிலும் அளவு உண்டு. 2003-இல் மத்திய அரசின் வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை விதித்தது: ஹோமாரஸ் இனத்துக்கு 200 கிராம், ஆர்னேட்டஸ் என்னும் பெரிய இனத்துக்கு 500 கிராம். ஆனால் அந்தத் தராசு எங்கே தொங்குகிறது என்பதைப் பாருங்கள். ஏற்றுமதி வாசலில். சிங்கி அங்கே வரும் முன்பே வலையில் மாட்டி, கரைக்கு வந்து, பல கை மாறியிருக்கும். 180 கிராம் சிங்கியை ஏற்றுமதிக்காரர் ஒதுக்கினால், அது கடலுக்குத் திரும்பிப் போவதில்லை. குறைந்த விலைக்கு உள்ளூர்ச் சட்டிக்குப் போகிறது. பெர்த்தில் அளவுகோல் படகுக்குள்ளேயே, சிங்கி உயிரோடு இருக்கும்போதே, கடலுக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. கூட்டில் வந்த சிங்கிக்குப் பெரும்பாலும் மீசைகூட ஒடியாது. வலையில் சிக்கியதை எடுப்பதற்குள் கால் இரண்டு போயிருக்கும். ஒரே விதி என்று நான் ஒப்பிட்டவை ஒரே விதியே அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் நான் மச்சானுக்கு முன்னால் நல்லவனாகத் தோன்றுவதற்காக எழுதியதாகிவிடும். ஏழை என்பதால் விட முடியாது, பணக்காரன் என்பதால் விட முடிகிறது என்று இதைச் சுருக்கிவிட முடியாது. இங்கேயும் சிங்கியை நம்பிப் பிழைக்கும் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படகிலும் அளவுகோல் இருக்கிறது. இந்தக் கரையில் 1963-லேயே படகுகளின் எண்ணிக்கைக்கும் கூடுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டிவிட்டார்கள். அதற்குப் பின் புதிதாக ஒருவர் வர வேண்டுமென்றால், உள்ளே இருப்பவர் ஒருவரிடமிருந்து உரிமத்தை வாங்கித்தான் வர முடியும். சிறியதைக் கடலில் விடும் தொழில்காரருக்கு, அதை அடுத்த ஆண்டு எடுக்கப்போவது தாமோ தம்மைப் போன்ற எண்ணிக்கைக்குட்பட்ட சிலரோதான் என்பது தெரியும். அவர் வாயில் "எங்களுக்கு" என்ற சொல் பொய்யில்லாமல் வரும்.

அந்தச் சொல்லுக்கு அவர்கள் விலையும் கொடுத்திருக்கிறார்கள். சிங்கியின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்ததும் கண்ணாடித் தாள் போன்ற உருவில் திறந்த இந்தியப் பெருங்கடலில் ஒன்பது முதல் பதினொரு மாதங்கள் அலைந்து, பிறகு நிறமற்ற ஒரு குட்டிச் சிங்கியாகக் கரையோரப் பாறைக்கு நீந்தி வந்து ஒட்டும். 1960-களின் இறுதியிலிருந்து, செயற்கைக் கடற்பாசிக் கொத்துகளைக் கடலில் தொங்கவிட்டு, ஒவ்வொரு பருவத்திலும் அதில் எத்தனை குட்டிகள் வந்து ஒட்டுகின்றன என்று எண்ணி வருகிறார்கள். அந்த எண்ணிக்கை மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கப்போகும் பிடிப்பை முன்கூட்டியே சொல்லிவிடும். 2008-09 பருவத்தில் குட்டிகள் ஏறத்தாழ வரவே இல்லை. நாற்பது ஆண்டுப் பதிவில் அப்படி ஒரு வீழ்ச்சி இருந்ததில்லை. பஞ்சம் வந்து சேர மூன்று ஆண்டு இருக்கும்போதே, கடலில் பெரிய சிங்கிகள் நிறைய இருக்கும்போதே, பிடிப்பை வெட்டினார்கள்: ஏறத்தாழ 11,000 டன் என்று இருந்த நெடுங்காலச் சராசரி, 5,500 டன் என்ற உச்சவரம்பாகச் சுருங்கியது. அடுத்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தார்கள். படகை விற்றுவிட்டு வெளியேறியவர்கள் பலர். அப்படி வெளியேறியவர்களின் இடத்தில்தான் இன்றைய ஒழுங்கு நிற்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரரின் தம்பி அவர்களில் ஒருவர். அவரிடம் போய் ஒழுங்கின் அழகைப் பற்றி நான் இன்னும் பிரசங்கம் செய்ததில்லை.

எங்களைப் போன்ற வார இறுதிக்காரர்களுக்கு மொத்தப் பிடிப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஐந்துக்குள்ளும் எல்லாரும் யோக்கியர்கள் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிறு காலை என் கூட்டைத் தூக்கியபோது கதவுக் கயிற்றில் என்னுடைய முடிச்சு இல்லை. நான் போடுவது பக்கத்து வீட்டுக்காரர் கற்றுத்தந்த முடிச்சு. அதில் இருந்தது அவசரத்தில் யாரோ போட்ட பூமுடிச்சு. இரை தின்னப்பட்டிருந்தது, சிங்கியின் ஒடிந்த கால் ஒன்று கிடந்தது, சிங்கி இல்லை. மிதவையில் என் எண் பளிச்சென்று இருக்கிறது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை யாரும் இல்லை. என் பிரசங்கங்களில் இந்த முடிச்சுக்கு நான் இடம் கொடுத்ததே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஆக, அரை மில்லிமீட்டருக்காகச் சிங்கியைக் கடலில் விடும் என் கை நல்ல கையா? விடுவது சரிதான் என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. அடுத்த சனிக்கிழமையும் விடுவேன். ஆனால் அதற்காக என் முதுகில் நானே தட்டிக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. அன்றைக்கு அந்தச் சிங்கியை விட்டதில் நான் இழந்தது ஒரு வாய்க் குழம்பு. மச்சான் வியாழக்கிழமை விட்டதில் இழந்தது மறுநாள் டீசல். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, என் தட்டு கனமாக இருக்கிறது என்று பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன், அதுவும் அவர் தங்கையின் கைச்சமையலைப் பரிமாறிக்கொண்டு. அளவுகோல் இப்போது குளிர்பெட்டியில் தொங்கவில்லை. படகின் இரைப்பெட்டியில், அது இருக்க வேண்டிய இடத்தில், சாளை நாற்றத்தோடு கிடக்கிறது.

ஊருக்குத் திரும்பும் முன் மச்சான் அதை ஒரு முறை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்துக்கொள்ளுங்கள், வேறொன்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "இது நம்ம சிங்கிக்கு ஆவாது மாப்ள, இந்த அளவு வச்சா எங்க ஊர்ல பாதிப் பேரு பட்டினி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்த மின்சக்கரத்தின் விலையைத்தான் விசாரித்துக்கொண்டு வந்தார்.

பெரிய வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு ஊரிலிருந்து அழைத்தார். குருத்தோலை ஞாயிறு, மகளின் இரவுப் பணி, முழங்கால் மருந்து என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கப் போகிறார் என்று நினைத்த நேரத்தில் கேட்டார்.

"மாப்ள, அந்த அரை மில்லிமீட்டர் ஆளு திரும்ப வந்தானா?"

"ஓடு உரிச்சாத்தான மச்சான் வளரும். உரிச்சிருந்தா இப்ப எழுபத்தொம்பது, எம்பது இருக்கும். ஆனா அவன் இந்நேரம் மேற்க ஆழத்துக்குப் போயிருப்பான்."

"அங்க கூடு வைப்பியளா?"

"நம்ம படகு அவ்வளவு தூரம் போவாது. அங்க தொழில்காரங்கதான்."

"அப்ப அவங்களுக்காக்கும் விட்டது."

"ஆமா மச்சான்."

"உங்களுக்கில்ல."

"எங்களுக்கில்ல."

அவர் சிரித்தார். பிறகு, தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.